குடியரசுத் தலைவரின் மேஜையில் இருந்த அரிசி

காசு இல்லை. அரிசியை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தால் உள்ளே ஒரு காசாவது இருக்கும், காசில்லாமல் சாமிக்கு யார் முடிவார்கள் என்று அன்றைக்கே மனசில் ஒரு முள் தைத்தது, தைத்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாயே குமுதவல்லி, என்று தன்னைத் தானே வைதபடி அந்த ஆராய்ச்சி நூலகத்தின் ஆவணக் காப்பாளர் குமுதவல்லி கீழ்த்தளத்துக்குப் படி இறங்கிக்கொண்டிருந்தாள். மேலே வாசிப்பு அறையில் ஓர் ஆள் காத்திருக்கிறார். அவரைக் காக்க வைத்துவிட்டு இறங்குகிறாளே தவிர எடுத்துவர என்ன இருக்கிறது, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். காலையில் வாசல் காவலாளி ஏழுமலைதான் வந்து சொன்னான். "மேடம், ஒருத்தரு வந்துகிறாரு. தோள்ல துண்டு, கைல மஞ்சப்பை. நம்ம பெரியவரு சாமான்ல ஏதோ அரிசி கீதாம், அத்தப் பாக்கணுமாம். இன்னா மேடம், ரேஷன் கடைன்னு நெனச்சுக்கினாரா?" ஏழுமலை சிரித்தான். அவளும் சிரித்திருக்க வேண்டும், வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. மூன்று வாரமாக இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். யாராவது பத்திரிகைக்காரர் வருவார், யாராவது பேராசிரியர் வருவார், அவர்களுக்கு என்ன சொல்வது என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வந்தது அந்த அரிசியைக் கொடுத்த அம்மாளின் மகன். அவர் வருவார் என்று மட்டும் நினைக்கவே இல்லை, அவர் உயிரோடு இருக்கக்கூடும் என்றே நினைக்கவில்லை, தூக்குத் தண்டனைக் கைதி என்றால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார் என்று மனசு தானாகவே ஒரு கணக்கை முடித்து வைத்திருந்தது. "ஏனுங்கம்மா, நாச்சிமுத்துங்க, காங்கேயத்துக்குப் பக்கமுங்க" என்று அவர் எழுந்து நின்று கும்பிட்டபோது முதலில் அவர் கழுத்தைத்தான் பார்த்தாள். பார்த்ததற்கு வெட்கப்பட்டாள். சாதாரணக் கழுத்து, வெயிலில் கறுத்தது, காலரில்லாத சட்டைக்கு மேலே நரம்பு ஓடியது. அறுபது வயசிருக்கும். "செஞ்சது செஞ்சதுதானுங்க, வாய்க்கால் தண்ணித் தகராறு, சித்தப்பன் மகனை வெட்டிப்போட்டனுங்க, இல்லைன்னு நான் எந்தக் கோர்ட்டுலயும் சொல்லலீங்க" என்று, கேட்காத கேள்விக்குப் பதிலை முதலில் சொல்லிவிட்டு, பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். "எங்கம்மா படுக்கைல கெடக்குதுங்க. கஞ்சித் தண்ணிகூட எறங்க மாட்டீங்குதுங்க. பேப்பர்ல அந்த அரிசியப் பத்திப் போட்டிருந்ததைப் பக்கத்து வூட்டுப் புள்ள படிச்சுக் காட்டுச்சுங்க, அதைக் கேட்டதுல இருந்து ஒரே பேச்சுத்தானுங்க. போயி அந்த அரிசிய வாங்கிட்டு வாடா, உனக்குன்னு குடுத்தது உனக்கு வேண்டாமப் போச்சு, எனக்காவது ஆகட்டும்ங்குதுங்க." குமுதவல்லி, உட்காருங்க, பார்க்கிறேன் என்று சொன்னாள். பார்க்கிறேன் என்றா சொன்னாள்? எதைப் பார்ப்பாள்? ஓடிவந்துவிட்டாள், அவ்வளவுதான்.

கீழ்த்தளத்தில் எப்போதும் போலக் குளிர். அலமாரிகளுக்கு நடுவே விளக்கைப் போட்டதும் பெரியவரின் பெட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. சாம்பல் நிறப் பெட்டிகள், அவள் கையெழுத்தில் சீட்டு ஒட்டியவை. முன்னாள் குடியரசுத் தலைவரை இங்கே எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள், பார்த்தவர்களும் பார்க்காதவர்களும். அவர் காலமான பிறகு குடும்பத்தார் கொடுத்த சேகரிப்பு. டெல்லிக்கே போய், அந்த வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். அவருடைய குறிப்புகள், பேச்சுகளின் அடித்தல் திருத்தல், வெளிநாட்டுத் தலைவர்கள் கொடுத்த வாளும் வெள்ளித் தட்டும். ஆராய்ச்சி மாணவர்கள் அதற்காக வருவார்கள். மேஜை இழுப்பறைச் சாமான்களை யார் கேட்கப் போகிறார்கள்? மூக்குக்கண்ணாடி, மை உறைந்த பேனா, பாதி தீர்ந்த தைலப் புட்டி, பழைய ரப்பர் வளையங்கள், அவற்றுக்கு அடியில் அந்த மஞ்சள் முடிச்சு. இங்கே கொண்டுவந்து பிரித்தபோது மழைக்காலம். முடிச்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதே துணி மேல் வண்டு ஊர்ந்தது. சின்ன, செம்பழுப்பு வண்டு, சமையலறையில் பார்த்தால் முறத்தில் போட்டுப் புடைத்துவிட்டுச் சோறாக்கியிருப்பாள், அங்கே பார்த்ததும் மற்ற பெட்டிகளைத் தள்ளி வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கவனக்குறைவால் ஓர் அலமாரி முழுக்கப் பூச்சிக்குப் பலி கொடுத்த இடம் இது. திறந்தால் புத்தகம் மாவாக உதிர்ந்தது, அப்போதிருந்த தலைமைக் காப்பாளர் அந்த மாவைக் கையில் எடுத்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து குமுதவல்லிக்குப் பூச்சி என்றால் பகை. முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பிடி பச்சரிசி, மஞ்சள் தூள் தடவியது, பாதி துளை விழுந்து நூல் கட்டிப்போயிருந்தது. காசு இல்லை. ஏதோ கோயில் பிரசாதம், பெரியவரின் வீட்டம்மாள் வைத்திருப்பாள் என்று நினைத்தாள். கூட ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் நின்று யோசித்திருப்பாள், சத்தியமாக யோசித்திருப்பாள். காகிதம் இல்லை. காகிதம் இல்லாத பொருளுக்கு இந்த நூலகத்தில் வாய் கிடையாது. அரிசி உணவு, துணி பொருள். உணவை வைக்கக் கூடாது, பொருளை வைக்க வேண்டும், அதுதான் படித்த பாடம். அரிசியைக் கொண்டுபோய் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கொட்டினாள். துணியைத் தூரிகையால் தட்டி, குளிர்பெட்டியில் வைத்துப் புழு முட்டையைக் கொன்று, வெள்ளைத் தாளில் சுற்றி, சீட்டு எழுதிப் பெட்டியில் வைத்தாள். தேங்காயைத் தூர எறிந்துவிட்டு நாரைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்த புத்திசாலி. அன்றைக்கு மாடியில் புறாக்கள் ஓடிவந்து கொத்தின, அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், பார்க்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நுணலும் தன் வாயால் கெடும். வருஷா வருஷம் மற்ற நூலகங்களிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது, மதியத்துக்கு மேல் எல்லோரும் கொட்டாவி விட ஆரம்பித்தால், குமுதவல்லி அந்தக் கதையை எடுப்பாள். நாட்டின் முதல் குடிமகன் மேஜையில் என்ன இருந்தது சொல்லுங்கள்? ரகசியக் கோப்பா? வண்டு வைத்த அரிசி! வகுப்பு கலகலக்கும். யாராவது ஒரு பையன், ராத்திரி பசிக்கும் மேடம் என்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள், சிரித்துக்கொண்டே, அதனால் பிள்ளைகளே, உணவுப் பொருளைக் கண்டால் தயவு தாட்சண்யம் கூடாது என்று பாடத்தை முடிப்பாள். எத்தனை வகுப்பு, எத்தனை சிரிப்பு. அந்தச் சிரிப்பையெல்லாம் இப்போது யாரிடம் போய்த் திருப்பி வாங்குவது? மூன்று வாரத்துக்கு முன் சேகரிப்புத் திறப்பு விழாவில் பெரியவரின் பழைய செயலாளர் பேச எழுந்தார், கைத்தடியோடு, இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவள் இரண்டாவது வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள், தன் வேலையைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்வார் என்ற ஆசையில். அவர் சொன்னது வேறு. கோயம்புத்தூரில் பெரியவர் தங்கியிருந்த மாளிகைக்கு ஓர் அம்மாள் வந்தாள், மனு எழுதித் தரக்கூட ஆளில்லாதவள், மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைப் பெரியவர் கையில் வைத்தாள், அவளுடைய தமிழை நான்தான் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன் என்றார். "எம்மவனை நீங்க விட்டுட்டா இது அவன் கல்யாணத்துக்குப் போடற அரிசிங்க. தூக்குல போட்டீங்கன்னா வாய்க்கரிசிங்க. செயிலுக்குள்ள முடிச்சா பொணத்தைத் தர மாட்டாங்களாம், நான் போட முடியாது. உங்க கையால நீங்க போட்டுருங்க."  அவள் மகனின் தூக்குத் தண்டனைக் கோப்பில் பெரியவர் கடைசிவரை கையெழுத்தே போடவில்லையாம். பதவியை விட்டுப் போகும் நாளில் மேஜையைக் காலி செய்த ஊழியரிடம், அந்த முடிச்சை மட்டும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். பின்னால் வந்தவர் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். மண்டபமே கைதட்டியது. குமுதவல்லி கைதட்டத் தூக்கிய கையை மடியில் இறக்கினாள். பக்கத்திலிருந்த டைரக்டர் குனிந்து, "அது நம்மகிட்ட இருக்கில்ல?" என்றார். "பார்க்கணும் சார்" என்றாள். பார்க்கணும் சார். என்ன வார்த்தை அது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வார்த்தை. மூன்று வாரமாக டைரக்டரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கினாள். கனமே இல்லை. கனமில்லாமல் இருப்பதுதான் பயமாக இருந்தது. விதி இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது, தோன்றியதும் ஒரு நிம்மதி, வெயிலில் நடந்து வந்தவளுக்கு மோர் கொடுத்தது போல. நூலகத்தின் எந்தப் பொருளும் வெளியே போகாது. யாருக்கும் கொடுப்பதற்கில்லை. மந்திரி கேட்டாலும் இல்லை. இதைச் சொன்னால் போதும், பொய்யே இல்லை, ஒவ்வொரு சொல்லும் அச்சடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. அவர் கிராமத்து மனிதர், சிறையில் பாதி வாழ்நாள் இருந்தவர், விதி என்றால் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். பத்திரமா இருக்குதுங்களா என்று கேட்பார். கேட்டால்? ஆமாம் என்று தலையை அசைக்க வேண்டும். தலைதானே. அவர் போய் அம்மாவிடம் சொல்வார், பத்திரமா இருக்குதாம், தர மாட்டாங்களாம். கிழவி என்ன சொல்வாள்? குமுதவல்லி அலமாரியில் சாய்ந்து நின்றாள். அப்பாவின் வாய் நினைவுக்கு வந்தது. அப்பாவுக்குப் போட்ட வாய்க்கரிசி உள்ளே போகவில்லை, கீழுதட்டில் இரண்டு மணி ஒட்டிக்கொண்டு நின்றன. சாப்பிடும்போது அப்பா மீசையில் பருக்கை ஒட்டினால் சின்ன வயதில் அவள்தான் தட்டிவிடுவாள். அன்றைக்கும் கை தானாகத் தட்டிவிடப் போனது, அத்தை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தட்டாதேடி, அது அவனோடது." அது அவனோடது. அவ்வளவு சின்ன விஷயம், இரண்டு அரிசி, அதற்கும் சொந்தக்காரன் உண்டு என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. படித்துப் பட்டம் வாங்கி வண்டு பிடிக்கக் கற்றுக்கொண்டவளுக்குத் தெரியவில்லை. முகர்ந்துகூடப் பார்க்காமல் கொட்டினாய். இல்லை, முகர்ந்தாய், மஞ்சள் வாசனை இன்னும் இருந்தது, அதுவும் ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த அம்மாள் எத்தனை பஸ் மாறி வந்திருப்பாள், எவ்வளவு நேரம் அந்த முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு வெளியே நின்றிருப்பாள், ஒரு நாட்டின் தலைவன் அதைக் கீழே வைக்கத் தெரியாமல் சாகும்வரை வைத்துக்கொண்டிருந்தான், நீ தூசு தட்டுகிற மாதிரித் தட்டிவிட்டுக் கை கழுவினாய். மேலே ஏறும்போது விதியையே சொல்வது என்று முடிவு செய்தாள். பாதிப் படியில் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். வாசிப்பு அறைக் கதவைத் தள்ளும்போது மறுபடியும் விதிதான்.

நாச்சிமுத்து அதே இடத்தில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் கண்டதும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயிலுக்குள் போகிற மாதிரி. அதைப் பார்த்ததும் விதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவள் பெட்டியைத் திறந்து, தாளைப் பிரித்து, துணியை மேஜைமேல் விரித்தாள். வெளுத்த மஞ்சள். முடிச்சுப் போட்ட இடத்தில் மட்டும் சுருக்கம் போகவே இல்லை.

"எங்கம்மா சீலைத் துணிதானுங்க" என்றார். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அரிசிங்க?"

"இல்லைங்க." ஒரு மூச்சு வாங்கினாள். "வண்டு வச்சிருந்துச்சு. என்ன ஏதுன்னு தெரியாம நான்தான் கொட்டிட்டேன். மாடியில. புறா தின்னுடுச்சு. என் தப்புதான். வேற யாரும் பண்ணலை, நான்தான் பண்ணேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஒரு கொலை செய்தவர் என்பது நினைவுக்கு வந்தது, வந்ததும் அதற்காகவும் தன்னை நொந்துகொண்டாள். அவர் கை மட்டும் துணியின் சுருக்கத்தை நீவி விட்டுக்கொண்டிருந்தது.

"அவரு இத்தனை வருசம் வெச்சிருந்தாருங்க" என்றார். குரல் ஏறவில்லை. "நீங்க ஒரு நாள் வெச்சிருக்கக் கூடாதுங்களா?"

 கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கண்தான் மங்கியது.

துணியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரே கேட்டார். "ஒரு பிடி பச்சரிசி கெடைக்குமுங்களா?"

அவளுக்குப் புரியவில்லை.

"கடைல வாங்கிக்கலாமுங்க, அதுக்கில்ல. எங்கம்மாளுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியாதுங்க. ஆனாக் கையில வாங்கிப் பார்க்கும். அவ அள்ளுன பிடி அவளுக்குத் தெரியுமுங்க. என் கையப் பாருங்க, இது அள்ளினா ரெண்டு பிடி ஆயிருமுங்க. பொம்பளைக் கையாத்தான் அள்ளோணும். வூட்ல வேற பொம்பள இல்லீங்க, எனக்குக் கல்யாணம் எங்கீங்க ஆச்சு. நீங்க அள்ளிக் குடுத்துருங்க. அது இதுதான்னு நான் சொல்லிக்கறனுங்க. பொய் என்னோட போகட்டும், உங்களுக்கு வேண்டாமுங்க."

கேன்டீன் சமையல்காரம்மா, "பச்சரிசியா, எதுக்கு மேடம்?" என்றாள். குமுதவல்லி டப்பாவுக்குள் கையை விட்டாள். அரிசி குளிர்ந்திருந்தது. அன்றைக்குக் கொட்டியது எவ்வளவு இருந்தது? கண்ணால் பார்த்திருக்கிறாள், எடை தெரியாது. ஒரு பிடி அள்ளினாள். கூடவோ என்று விரலைத் தளர்த்திக் கொஞ்சம் விட்டாள். குறைந்துவிட்டதோ என்று மறுபடி அள்ளினாள். அந்த அம்மாள் எப்படி அள்ளியிருப்பாள்? மகன் கல்யாணத்துக்கு அள்ளுகிற மாதிரியா, இல்லை மற்றதற்கு அள்ளுகிற மாதிரியா? கை நடுங்கினால் பிடி சின்னதாகிவிடும். அவள் கை நடுங்கியிருக்குமா? இந்த அளவு சரியாக இருக்குமா? சமையல்காரம்மாவிடம் மஞ்சள் தூளைக் கொஞ்சம் கேட்டு வாங்கித் தடவினாள். மூடிய கையோடு வாசிப்பு அறைக்கு வந்தபோது நாச்சிமுத்து துண்டின் நுனியை ஏந்திக்கொண்டு நின்றார். அதில் போட்டாள். அவர் கையில் வைத்து லேசாக ஏற்றி இறக்கிப் பார்த்தார், தலையை அசைத்தார், முடிந்துகொண்டார். "வர்றனுங்க" என்று கும்பிட்டார். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று வேகமாகப் படியிறங்கினார்.

குமுதவல்லி மேஜையருகே வந்து துணியை மடித்தாள். பழைய சுருக்கத்தின் மேலேயே மடிப்பு விழுகிற மாதிரி, நான்காக. தாளைச் சுற்றினாள். பெட்டியில் வைத்து மூடி, நாடாவைக் கட்டினாள். இரண்டாவது முடிச்சுப் போடும்போதுதான் கை நின்றது. துணி. அந்த அம்மாளின் சீலைத் துணி. கண் தெரியாதவள் அரிசியை மட்டுமா தடவிப் பார்ப்பாள்? கட்டி வந்த துணியைத் தடவ மாட்டாளா? துண்டை அவிழ்த்துக் கொட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடுமே. அந்த மனிதர் கேட்கவில்லை. விதி என்று நினைத்தாரோ, அரிசியைக் கொட்டியவளிடம் இன்னொன்று கேட்கக் கூடாது என்று நினைத்தாரோ. கேட்காவிட்டால் என்ன, நீ கொடுத்திருக்க வேண்டாமா? மறுபடியும் துணியை வைத்துக்கொண்டாயே, பாவி.

நாடாவைப் பிய்த்து, துணியை உருவிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். அவர் கேட்டுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார். எட்டும் தூரம்தான். "நாச்சிமுத்து" என்று கூப்பிட்டாள். முப்பது வருஷம் இந்த அறைக்குள் பேசிப் பழகிய குரல், பக்கத்து மேஜைக்குக்கூட எட்டாதது. இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே பஸ் வந்து நின்றது, நாச்சிமுத்து துண்டு முடிச்சை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏறினார்.